நிலவைப் படமெடுக்க பௌர்ணமி வேண்டாம், அஷ்டமி போதும்

நீங்கள் கேட்டது இது: 130 மி.மீ. விட்டமும் 650 மி.மீ. குவியத்தூரமும் உள்ள நியூட்டோனியன் தொலைநோக்கி (வில்லைக்குப் பதில் கண்ணாடியால் ஒளியைச் சேர்ப்பது) வாங்கியிருக்கிறீர்கள். மதுரையில் வீட்டு மொட்டை மாடியிலிருந்து, பௌர்ணமி அன்று, ஐபீஸில், அதாவது கண் வைத்துப் பார்க்கும் வில்லையில், ஃபோனை ஒட்டிப் பிடித்து எடுத்தால் வெறும் வெள்ளை வட்டம்தான் வருகிறது. மற்றவர்கள் போடும் படங்களில் இருக்கும் பள்ளங்களும் மலைகளும் காணோம். நாற்பதாயிரம் ரூபாய்க்குத் தனி கேமரா வாங்கினால் சரியாகிவிடுமா என்கிறீர்கள். கூடவே, சந்திரயான்-3 இறங்கிய இடத்தைப் படமெடுக்க முடியுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். கேமரா பற்றிய கேள்வி போலத் தெரிந்தாலும், குறை கருவியிலா அல்லது எடுக்கிற விதத்திலா என்பதுதான் நீங்கள் உண்மையில் தெரிந்துகொள்ள நினைப்பது. பல வருடங்களாக இதே அளவு தொலைநோக்கிகளோடு பழகியவன் என்ற முறையில் சொல்கிறேன்: உங்கள் கருவி போதும். நாள் சரியில்லை, வெளிச்ச அளவு சரியில்லை, காற்றைப் பற்றி யாரும் உங்களுக்குச் சொல்லவில்லை. கேமரா அதற்கெல்லாம் பிறகுதான்.

முதலில் நாள். பௌர்ணமியில் சூரியன் நமக்குப் பின்னாலிருந்து நிலவின் மேல் நேராக அடிக்கிறது. நிழலே விழாது. நிழல் இல்லாவிட்டால் பள்ளமும் மேடும் ஒரே நிறமாகத்தான் தெரியும். வெளிச்சமும் இருட்டும் சந்திக்கும் கோட்டை ஒட்டிய இடங்களில்தான் நிலவில் சூரியன் உதித்துக்கொண்டிருக்கும். அங்கே நிழல்கள் நீண்டு கிடக்கும். இதன் பலம் எவ்வளவு என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 130 மி.மீ. தொலைநோக்கி பிரித்துக்காட்டக்கூடிய மிகச்சிறிய கோணம் சுமார் 0.9 வில்விநாடி (ஒரு பாகையை 3600 ஆகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு வில்விநாடி). நிலவின் சராசரி தூரமான 3,84,400 கி.மீ.யில் அது சுமார் 1.7 கி.மீ. அதைவிடச் சிறியது எதுவும் உங்கள் படத்தில் தனியாகத் தெரியாது. ஆனால் நிலவில் ரூபெஸ் ரெக்டா என்று சுமார் 110 கி.மீ. நீளத்துக்கு ஒரு சரிவு இருக்கிறது. அதன் உயரம் 300 மீட்டரை ஒட்டித்தான். அந்த இடத்தில் சூரியன் 5 பாகை உயரத்தில் இருக்கும்போது அதன் நிழல் மூன்று கி.மீ.க்கு மேல் அகலமாக விழுகிறது. அவ்வளவுதான், உங்கள் தொலைநோக்கியில் அது கத்தியால் கீறிய கருப்புக் கோடாகத் தெரிந்துவிடும். பௌர்ணமி அன்று அதே இடத்தில் எதுவும் இருக்காது.

எந்த நாளில் எது தெரியும் என்பதற்கு நீங்கள் செயலி எதுவும் தேடவேண்டாம். உங்கள் வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரி காலண்டர் போதும். சூரியனுக்கும் சந்திரனுக்கும் இடையிலான கோணம் 12 பாகை கூடினால் ஒரு திதி. நிலவில் வெளிச்சக் கோடும் ஒரு திதிக்கு அதே 12 பாகைதான் நகர்கிறது. ஆகவே திதியைப் பார்த்தாலே கோடு எங்கே நிற்கிறது என்று சொல்லிவிடலாம். வளர்பிறை சஷ்டியில் தியோஃபிலஸ், சிரில்லஸ், கேத்தரினா என்ற மூன்று பெரிய பள்ளங்கள் வரிசையாக வெளிச்சத்துக்கு வரும். அஷ்டமியின் நடுவில் சரிபாதி நிலவு. அப்பென்னைன் மலைத்தொடர் எழத் தொடங்கும். நவமியில் மேலே சொன்ன ரூபெஸ் ரெக்டா, பிளேட்டோ, டைக்கோ, தெற்கே 225 கி.மீ.க்கு மேல் அகலமுள்ள கிளேவியஸ். தசமியில் 93 கி.மீ. அகலமுள்ள கோப்பர்நிக்கஸ். தசமி முடிந்து ஏகாதசி தொடங்கும் சமயத்தில் ஜூரா மலைகளின் உச்சி மட்டும் இருட்டுக்குள் வளைவாக ஒளிரும். தங்கக் கைப்பிடி என்று இதைச் சொல்வார்கள். நிலவு நமக்கு லேசாகத் தலையாட்டிக்கொண்டே இருப்பதால், அதாவது பக்கவாட்டில் 8 பாகை வரை அசைவதால், இந்தக் கணக்கு அரை நாள் முன்னே பின்னே போகும். வாக்கியப் பஞ்சாங்கத்துக்கும் திருக்கணிதத்துக்கும் சில மணி நேர வித்தியாசம் வரலாம், திருக்கணிதத்தைப் பின்பற்றுங்கள். அஷ்டமி, நவமியில் நல்ல காரியம் தொடங்கக் கூடாது என்று வீட்டில் சொல்வார்கள். நமக்கு அந்த இரண்டு நாளும்தான் சரியான நாள்.

அடுத்தது வெளிச்சம். நிலவு இரவில் தெரிவதால் அதை இரவுக் காட்சி என்று நினைக்கிறோம், ஃபோனும் அப்படித்தான் நினைக்கிறது. உண்மையில் அது நண்பகல் வெயிலில் கிடக்கிற கல். தன்மேல் விழும் ஒளியில் சுமார் 12 சதவீதத்தைத்தான் திருப்பி அனுப்புகிறது, கிட்டத்தட்ட பழைய தார்ச்சாலை மாதிரி. சுற்றிலும் உள்ள கருப்பைப் பார்த்து ஃபோன் தானாக வெளிச்சத்தை ஏற்றும்போது நிலவு வெளுத்துப் போகிறது. வெளுத்துப் போன இடத்தில் தகவலே பதிவாகியிருக்காது. பிறகு எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. திரையில் நிலவின் மேல் விரலை அழுத்திப் பிடித்து ஃபோகஸையும் வெளிச்சத்தையும் பூட்டிவிட்டு, பிரகாசத்தைக் கீழே இழுங்கள். எல்லாவற்றையும் நாமே அமைக்கும் ப்ரோ மோட் இருந்தால் ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 50 அல்லது 100, ஷட்டர் 1/125 நொடி என்று தொடங்கி, மிகப் பிரகாசமான இடத்திலும் விவரம் தெரியும்வரை வேகத்தைக் கூட்டுங்கள். ஃபிலிம் காலத்திலிருந்து ஒரு விதி உண்டு: முழு நிலவுக்கு எஃப் எண் (குவியத்தூரத்தை விட்டத்தால் வகுத்தால் வருவது) 11, ஐஎஸ்ஓ 100 என்றால் ஷட்டர் 1/100 நொடி. பாதி நிலவுக்கு இதைவிட நாலு மடங்கோ அதற்கு மேலோ வெளிச்சம் தேவைப்படும். கோட்டோரப் பகுதி திரையில் இருட்டாகத் தெரிந்தால் கவலைப்படாதீர்கள். இருட்டைப் பிறகு தூக்கலாம்.

மோட்டார் இல்லாததால் படம் கலங்குகிறதோ என்று ஒரு வரி எழுதியிருந்தீர்கள். இல்லை. பூமி சுழல்வதால் நிலவு ஒரு நொடிக்குச் சுமார் 15 வில்விநாடி நகர்கிறது. 1/125 நொடியில் அது 0.12 வில்விநாடி, உங்கள் தொலைநோக்கியின் எல்லையைவிட மிகக் குறைவு. கலங்கலுக்குக் காரணம் உங்கள் கை, இல்லாவிட்டால் ஷட்டர் பொத்தானைத் தொடும்போது வரும் ஆட்டம். ஃபோனை ஐபீஸில் பிடித்துவைக்கும் தாங்கி இரண்டாயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும். முதலில் வாங்கவேண்டியது அதுதான். மூன்று அல்லது ஐந்து நொடி டைமர் வைத்து எடுங்கள். 25 மி.மீ. ஐபீஸில் 26 மடங்கு, 10 மி.மீ. ஐபீஸில் 65 மடங்கு. இரண்டிலும் முழு நிலவும் அடங்கும். ஃபோனுக்கு 25 மி.மீ. ஐபீஸ்தான் வசதி.

இப்போது காற்று. இதைப் பற்றித்தான் கொஞ்சம் நீளமாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் நல்ல படத்துக்கும் சுமாரான படத்துக்கும் உள்ள வித்தியாசத்தில் பெரும்பங்கு இதனுடையது. வெவ்வேறு வெப்பநிலையில் உள்ள காற்றுப் படலங்கள் கலக்கும்போது ஒளி இங்கும் அங்கும் வளைகிறது. நிலவின் விளிம்பு தண்ணீருக்கடியில் கிடப்பதுபோல நெளிவதை ஐபீஸில் பார்த்திருப்பீர்கள். இதில் ஒரு பகுதி மேலே பல கி.மீ. உயரத்தில் நடக்கிறது, அதை நாம் ஒன்றும் செய்ய முடியாது. இன்னொரு பகுதி உங்கள் மாடியிலேயே நடக்கிறது. பகலெல்லாம் வெயில் குடித்த கான்கிரீட் தளம் இரவு எட்டு, ஒன்பது மணி வரை வெப்பத்தைக் கக்கிக்கொண்டிருக்கும். பக்கத்து வீட்டு ஏசியின் வெளிப்பெட்டி உங்கள் பார்வைக்கோட்டில் இருந்தால் அதுவும் கெடுக்கும். தரையில், புல் அல்லது மண் உள்ள இடத்தில் தொலைநோக்கியை வைத்தால் வித்தியாசம் அன்றே தெரியும். மாடியை விட்டால் வேறு இடம் இல்லையென்றால், சாயங்காலம் தளத்தில் தண்ணீர் ஊற்றி ஆறவிடுங்கள். நான் அதைத்தான் செய்கிறேன். தொலைநோக்கியை ஏசி அறையிலிருந்து கொண்டுவந்தால் கண்ணாடி வெளி வெப்பநிலைக்கு வர முக்கால் மணி நேரமாவது கொடுக்கவேண்டும். நம் ஊர் ஈரப்பதத்தில், குளிர்ந்த கண்ணாடி வெளியே வந்ததும் பனித்துப் போகும். துணியால் துடைக்காதீர்கள், தானாகவே விலகும்.

இதில் நமக்கு ஒரு பெரிய சாதகம் இருக்கிறது. நிலவு எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அவ்வளவு குறைவான காற்றைத் தாண்டி வருகிறது. 30 பாகை உயரத்தில் பார்த்தால் தலைக்கு மேல் பார்ப்பதைப்போல இரண்டு மடங்கு காற்று குறுக்கே நிற்கும். நிலவு தென்கோடியில் ஓடும் நாட்களில் லண்டனில் உள்ளவருக்கு அது அடிவானத்திலிருந்து 10, 15 பாகைக்கு மேல் ஏறாது. அதே நாளில் மதுரையில் 50 பாகைக்கு மேல் ஏறும். பிப்ரவரி, மார்ச் மாத வளர்பிறை அஷ்டமியில் கிட்டத்தட்ட உச்சியிலேயே நிற்கும். ஆனால் அஷ்டமி நிலவு உச்சிக்கு வருவது சூரியன் மறையும் நேரத்தில். தளம் கொதிப்பதும் அப்போதுதான். தசமி நிலவு எட்டு மணி வாக்கில் உச்சிக்கு வரும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் எனக்குத் தசமிதான் வசதியான நாள்.

எந்த இரவு காற்று அசையாமல் இருக்கும் என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா? இங்கே நிச்சயமாகப் பேச முடியாது. முன்னறிவிப்பு தரும் இணையதளங்கள் உண்டு. அவை சொல்வதும் மாடியில் காண்பதும் பல நாள் ஒத்துப்போவதில்லை. அவை மேல் காற்றைத்தான் கணிக்கின்றன, உங்கள் தெருவின் கான்கிரீட்டை அல்ல. மழை பெய்து ஓய்ந்து வானம் பளிச்சென்று இருக்கும் இரவில் நட்சத்திரங்கள் படபடவென்று மின்னும். அழகாக இருக்கும், ஆனால் படத்துக்கு மோசமான இரவு. லேசான புகைமூட்டம் போல மங்கிய இரவுகள் பல நேரம் அசையாமல் இருக்கும். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை எனக்கு நல்ல இரவுகள் அதிகம் வாய்த்திருக்கின்றன. தென்மேற்குப் பருவக்காலத்தில் தென்னிந்தியாவுக்கு மேல் சுமார் 15 கி.மீ. உயரத்தில் கிழக்கிலிருந்து மேற்காக ஒரு வேகக் காற்று ஓடுகிறது. அது படத்தை எவ்வளவு கெடுக்கிறது என்பதை ஒரே ஒரு மாடியிலிருந்து பார்த்து நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். அந்த மாதங்களில் மேகமே பாதி இரவைத் தின்றுவிடுகிறது.

காற்றை வெல்ல ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். தனிப்படம் எடுக்காமல் வீடியோ எடுப்பது. நூறு ஃபிரேமில் சில ஃபிரேம்களாவது காற்று அடங்கிய நொடியில் விழுந்திருக்கும். அப்படி அதிர்ஷ்டவசமான படம் கிடைக்கும் வாய்ப்பை 1978-ல் டேவிட் ஃப்ரைட் என்ற அமெரிக்க இயற்பியலாளர் கணக்கிட்டுக் காட்டினார். இன்று அந்தத் தேர்வை மென்பொருள் செய்கிறது. நெதர்லாந்துக்காரரான எமில் கிராய்காம்ப் எழுதிய ஆட்டோஸ்டாக்கர்ட் இலவசம். வீடியோவை அதில் போட்டால் ஃபிரேம்களைத் தரவாரியாக வரிசைப்படுத்தி, நல்லவற்றை மட்டும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தும். பிறகு ரெஜிஸ்டாக்ஸில் வேவ்லெட் என்ற வசதியால் கூர்மையாக்கலாம், அதுவும் இலவசம். ஃபோன் வீடியோ நேராகத் திறக்காவிட்டால் பிஐபிபி என்ற மென்பொருளில் மாற்றிக்கொள்ளுங்கள். நொடிக்கு 30 ஃபிரேம் என்றால் ஒரு நிமிட வீடியோவில் 1800 ஃபிரேம் கிடைக்கும். அதில் 10 முதல் 20 சதவீதம் போதும். காற்று மோசமான இரவில் இன்னும் குறைவாக எடுங்கள். கூர்மையாக்கும்போது கை அடங்கவேண்டும். பள்ளங்களின் விளிம்பில் வெள்ளைக் கோடு தோன்றினால் அளவு மீறிவிட்டது என்று அர்த்தம்.

ஃபோனில் எடுப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. சில ஃபோன்கள் நிலவை அடையாளம் கண்டுகொண்டு, தாங்கள் ஏற்கெனவே கற்றுவைத்திருக்கும் நிலவைப் பார்த்து விவரத்தைக் கூட்டிவிடுகின்றன. 2023-ல் சாம்சங் ஃபோன்களைப் பற்றி இந்தச் சர்ச்சை பெரிதாகக் கிளம்பி, சீன் ஆப்டிமைசர் என்ற வசதி அப்படி வேலை செய்வதை அந்த நிறுவனமே விளக்கியது. அதை அணைத்துவிடலாம். ப்ரோ மோடில் எடுத்தால் பெரும்பாலும் இந்தத் தொல்லை இல்லை. சுமாரான படமாக இருந்தாலும் நீங்கள் எடுத்ததாக இருக்கட்டும்.

தொலைநோக்கியில் சரிபார்க்கவேண்டியது காலிமேஷன், அதாவது இரண்டு கண்ணாடிகளும் ஒரே கோட்டில் இருக்கிறதா என்பது. எஃப் 5 நியூட்டோனியன் இதில் கறாரானது. உச்சிக்கு அருகில் உள்ள ஒரு நட்சத்திரத்தைப் பார்வையின் நடுவில் வைத்து ஃபோகஸை லேசாக விலக்குங்கள். வட்டங்கள் ஒரே மையத்தில் அமைந்தால் சரி, ஒரு பக்கம் இழுத்திருந்தால் திருகுகளைச் சரிசெய்யவேண்டும். ஈக்குவடோரியல் தாங்கி (பூமியின் அச்சுக்கு இணையாகச் சுழல்வது) இருந்தால் துருவ நட்சத்திரத்தைத் தேடி மல்லுக்கட்டவேண்டாம். மதுரையில் அது 10 பாகை உயரத்தில், கட்டடங்களுக்குப் பின்னால் இருக்கும். நிலவுக்குத் தோராயமாக வடக்கே திருப்பினால் போதும். சில மலிவான தாங்கிகளை இவ்வளவு தாழ்ந்த அட்சரேகைக்கு இறக்கினால் எடைக்கம்பி முக்காலியில் இடிக்கும், கவனம். பள்ளங்களுக்குப் பெயர் கண்டுபிடிக்கும்போது இன்னொரு குழப்பம் வரும்: வரைபடங்களில் வடக்கு மேலே இருக்கும், ஆனால் நம் ஊரில் மேற்கே சாயும் நிலவின் வடக்கு வலது பக்கம் இருக்கும். நியூட்டோனியன் அதையும் தலைகீழாகத் திருப்பும். படத்தைக் கணினியில் சுழற்றி வைத்துக்கொண்டு பாருங்கள்.

அப்புறம் கேமரா. நண்பரின் டிஎஸ்எல்ஆர் கிடைத்தால் நேராக மாட்டிப் பார்க்கலாம். 650 மி.மீ. குவியத்தூரத்தில் நிலவின் பிம்பம் சென்சாரில் 6 மி.மீ. அளவுதான் விழும். ஆனால் பல சிறிய நியூட்டோனியன்களில் ஃபோகஸே கிடைக்காது, ஃபோகஸ் செய்யும் குழல் அவ்வளவு உள்ளே போகாது. பிம்பத்தை இரண்டு மடங்கு பெரிதாக்கும் பார்லோ வில்லை போட்டால் ஃபோகஸ் வெளியே தள்ளப்பட்டுக் கிடைத்துவிடும், பிம்பமும் 12 மி.மீ. ஆகும். தனியாக வாங்குவதென்றால், ஃபோனில் ஒரு வளர்பிறை முழுக்க எடுத்து, அடுக்கிப் பழகிய பிறகு, கோள்களைப் படமெடுக்கவென்றே வரும் சிறிய கேமரா ஒன்றை யோசிக்கலாம். சுருக்கப்படாத வீடியோவை வேகமாகத் தருவதுதான் அதன் பலம். பிக்சல் அளவை மைக்ரானில் எடுத்து ஐந்தால் பெருக்கினால் பொருத்தமான எஃப் எண் வரும் என்பது நடைமுறைக் கணக்கு, 2.9 மைக்ரான் என்றால் எஃப் 15 அளவு, உங்களுக்கு மூன்று மடங்கு பார்லோ. காற்று அவ்வளவு தாங்காத இரவில் இரண்டு மடங்கே நல்ல படம் தரும்.

சந்திரயான்-3 இறங்கிய இடத்தை எடுக்கலாம், லேண்டரை எடுக்க முடியாது. விக்ரம் என்ற அந்த லேண்டர் சுமார் 2 மீட்டர் அகலம். உங்கள் எல்லை 1.7 கி.மீ. ஹபிள் தொலைநோக்கிக்கே நிலவில் சுமார் 90 மீட்டருக்குக் குறைந்தது தெரியாது. சந்திரயான்-2 போல நிலவைச் சுற்றும் விண்கலங்களின் கேமராக்கள்தான் அதைப் படமெடுத்தன. இறங்கிய இடம் தெற்கே 69 பாகை அட்சத்தில், கிழக்கே 32 பாகையில் இருக்கிறது. பக்கத்தில் மான்சினஸ் என்ற பள்ளம், 98 கி.மீ. அகலம். விளிம்போரம் என்பதால் நீள்வட்டமாக நசுங்கித் தெரியும், ஆனாலும் உங்கள் கருவிக்கு எளிதுதான். வளர்பிறை சஷ்டி, சப்தமி மாலைகளில், நிலவு தன் தென்துருவத்தை நம் பக்கம் சாய்க்கும் மாதமாகப் பார்த்து எடுங்கள். ஸ்டெல்லேரியம் போன்ற இலவச மென்பொருளில் அந்தச் சாய்வைத் தேதிவாரியாகப் பார்க்கலாம். பார்லோ போட்டு, தெற்கு விளிம்பை மட்டும் ஒரு நிமிட வீடியோவாக எடுங்கள்.